மரப்பெட்டியில் மருந்து

தமிழில் நோய் தீர்ப்பதும் மருந்து, வெடிப்பதும் மருந்து. உப்புமாவுக்கும் ரவை, துப்பாக்கிக்கும் ரவை. ஒருசொல் பலபொருளுக்கு எடுத்துக்காட்டாக இவற்றை வகுப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். மருந்தின் இரண்டு பொருளையும் ஒரே கையில் பார்த்தது டெக்சாஸில், என் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம். செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வார இறுதிகளில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, தோட்டாவைத் தானே மறுபடி செய்துகொள்வார்.

அதற்காக ஆறடி அகலம், பன்னிரண்டடி நீளத்தில் மூடிய டிரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தார். நான் போயிருந்த கோடையில்தான் அதை உள்ளே அமைத்துக்கொண்டிருந்தார். “போய்ப் பாரு. ஆனா வந்ததும் கையக் கழுவாம எதையும் வாயில வைக்காத, எல்லாம் ஈயம்” என்று அக்கா எச்சரித்து அனுப்பினாள்.

மேசையைச் சுவர்ச் சட்டங்களோடும் தரையோடும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். பிரஸ்ஸின் கைப்பிடியை இழுக்கும்போது மேசை அசையக் கூடாது. ஈயக் குண்டுகளின் பெட்டிகள் சக்கரத்துக்குச் சற்று முன்னால். பாரம் பின்னால் போனால் நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டும். நிறுத்தியதும் மூலைகளில் ஜாக்கி கொடுத்து ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். ஏசி காற்று பட்டாலே தராசு முள் ஆடும் என்பதால், நிறுக்கும்போது அதை அணைத்துவிடுவார். எடையின் அலகு கிரெயின், அதாவது தானியம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். நம் தட்டார்கள் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்தது நினைவுக்கு வந்தது. ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்துவிட்டால் துப்பாக்கி சுடுபவர் கையிலேயே வெடித்துவிடலாம். அதனால் கூடுகளை ஒரு கட்டையில் வரிசையாக நிறுத்தி, விளக்கடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பார். ஊசி போடுமுன் புட்டியின் சீட்டை இரண்டுமுறை வாசித்துப் பழகிய கண்.

மருந்து டப்பாக்கள் மரப்பெட்டியில் இருந்தன. இரும்புப் பெட்டி பத்திரமில்லையா என்று கேட்டேன். “இந்த மருந்து வெளியில் எரியத்தான் செய்யும். இரும்பில் இறுக்கி அடைத்தால்தான் வெடிகுண்டு ஆகும். மரம் வழிவிடும்” என்றார். வெயிலில் நிற்கும் டிரெய்லரில் அதையும் விட்டுவைப்பதில்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்குள் குளிர்ந்த அலமாரிக்குப் போய்விடும்.

வீட்டில் கார் நிறுத்தும் அறை பெரிது. அங்கே ஏற்கெனவே ஒரு மேசையும் இருந்தது. அது கணவருடையது. இருபத்தாறு ஆண்டுகள் அவர் அங்கே தோட்டா செய்தார். கூடுகளைப் பொறுக்குவதும் கழுவுவதும் இவர் வேலை. ஓர் இரவு தோட்டா நிரப்பிய துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் கணவர் சாப்பிட்டார். பிறகு நீதிமன்றம், தடையாணை, மணமுறிவு. “வீட்டை விற்றாலும் இந்த அறை என்கூட வரும்” என்று டிரெய்லரின் கதவைத் தட்டிக் காட்டினார்.

தோட்டாவுக்கு மருந்து இடும் வேலை பெண்களுக்குப் புதிதல்ல. உள்நாட்டுப் போரின்போது பிட்ஸ்பர்க் அருகே அலெகேனி ஆயுதச்சாலையில் பெண்களும் சிறுமிகளும்தான் தோட்டா கட்டினார்கள். 1862 செப்டம்பர் 17 அன்று அது வெடித்ததில் 78 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். நம் சிவகாசிப் பக்கத்து ஆலைகளில் மருந்தோடு எரிந்துபோகும் பெண்களை நாம் செய்தித்தாளில் எண்ணிக்கையாக வாசிக்கிறோம். மருந்தை அளக்க விரல் நம்முடையது. மேசையும் சாவியும் வேறொருவருடையவை.

அமெரிக்கச் சட்டம் சில இடங்களில் விழிப்பானது. துணையை மிரட்டியதற்காகத் தடையாணை பெற்றவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது 1994 முதல் கூட்டாட்சிச் சட்டம். குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றவர்களுக்கு 1996இல் அந்தத் தடை விரிந்தது. தடையாணைப் பிரிவை உச்சநீதிமன்றம் 2024இல் எட்டுக்கு ஒன்று என உறுதிசெய்தது. அந்தச் சட்டத்தின் கண்ணில் வெற்றுப் பித்தளைக் கூடும் தோட்டாதான். ஆனால் தோட்டா விற்கும் கடைக்காரர் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கேட்பதில்லை.

“அவர் இன்னமும் வாங்கலாம், இல்லையா?” என்றேன்.

“வாங்கலாம்.”

“அதற்காகத்தான் நீங்களும்...?”

“இல்லை. போட்டிக்காக. அவனுக்காக நான் இப்போது எதையும் செய்வதில்லை.”

வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்குள்ள பெண் கொல்லப்படும் அபாயம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. துப்பாக்கி பெண்ணுக்கு விடுதலை தரும் என்ற விளம்பரத்தை நான் நம்பவில்லை. அவரிடமும் அதைச் சொன்னேன். மறுக்கவில்லை. “ஆயுதம் வேறு, வேலை வேறு. நான் வேலையைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டேன்” என்றார். அவற்றை அப்படிப் பிரிக்க முடியுமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் தன் உயரத்துக்கு அறுத்த பலகை, தன் கை எட்டும் இடத்தில் தராசு, தன்னிடம் மட்டும் சாவி என ஒரு பெண் அறுபது வயதுக்குமேல் அமைத்துக்கொண்ட அறையை எனக்குப் பிடித்திருந்தது. என் முனைவர் பட்ட ஆய்வேடு முழுவதும் சாப்பாட்டு மேசையில், ஒவ்வொரு வேளையும் எடுத்து வைத்து எடுத்து வைத்து எழுதப்பட்டது.