நீதிமன்றம் ஏறாத நாய் வழக்கு

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைக்காரர்கள், நெல் வியாபாரிகள் பலரும் காவலுக்கு நாய் வளர்ப்பார்கள். அப்படி ஒரு வியாபாரி வீட்டு நாய்கள் இரண்டைப் பற்றிய புகாரோடு பக்கத்து வீட்டு அம்மா என்னைத் தேடி வந்தார். டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த அவர் மகனை நாய்கள் துரத்தியிருக்கின்றன. பையன் விழுந்து முழங்கால் சிராய்த்துவிட்டது. நல்லவேளை, பல் படவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கியிருந்தார்.

"அந்த ஆள் மேல கேஸ் போடணும் சார்."

"அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னீங்களாம்மா?"

"தினமும் சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கத்துறேனே சார், அவர் காதுல விழாமலா இருக்கும்?"

சுவருக்கு இந்தப் பக்கம் கத்தினால் சட்டத்தின் கண்ணில் அது சொன்னதாகாது. அப்போது நடப்பில் இருந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு. தன் பிராணியால் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்க, தெரிந்தோ அலட்சியமாகவோ அதைத் தடுக்காமல் விட்டவருக்கு 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. அபராத உச்சவரம்பு 5,000 ரூபாயாகியிருக்கிறது. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டாலும், நாயின் மூர்க்கம் வளர்ப்பவருக்குத் தெரியுமா என்ற கேள்வி எழும். முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தால், "எனக்குத் தெரியாது" என்று அவர் தப்ப முடியாது.

அதனால் கடிதம் எழுதச் சொன்னேன். திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நாய், கேட் திறந்திருந்ததா, யார் பார்த்தார்கள் என்பது மட்டும் போதும். முடிவில் மூன்று கோரிக்கைகள்: கேட்டைப் பூட்டிவைக்க வேண்டும், வெளியே வந்தால் கயிறு வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்று காட்ட வேண்டும். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம்.

கடிதத்தைக் கையில் பிடித்தபடி வியாபாரி என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "எங்க நாய் யாரையும் கடிச்சதில்ல சார்" என்றார். பையன் விழுந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த அம்மாவையும் வரவழைத்து எதிரெதிரே உட்காரவைத்தேன். மூட்டை திருட்டுப் போனதால் வாங்கிய நாய்கள் அவை. பகல் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கிடக்கும். வெளியே நடத்திக் கூட்டிப்போக ஆளில்லை. அவிழ்த்துவிட்டதும் தெருவில் பாயும். எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் கொடுக்காமல் விடுவதும் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"பையன் விழுந்தது தெரிஞ்சிருந்தா நானே வந்து பார்த்திருப்பேன்மா."

"நானும் நேர்ல வந்து சொல்லியிருக்கணும்ணே."

வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டுக்குத் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வந்தது. காலை மாலை நாய்களை நடத்த ஓர் ஆளை வைத்தார். ஊசிச் சான்றின் நகலும் வந்து சேர்ந்தது.

எல்லாரும் இப்படி இணங்க மாட்டார்கள். இணங்காதவர் மேல் கோட்டாட்சியரிடம் மனு போடலாம். அபாயகரமான பிராணியை அடைத்துவைக்க உத்தரவிட பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. அங்கும் உங்கள் கடித நகலும் அது போய்ச் சேர்ந்ததற்கான அஞ்சல் சான்றும்தான் முதல் ஆவணம்.

2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. உரிமையாளர் கைதானார். கைது நடந்ததால் அந்தக் குழந்தை பட்ட வேதனை இல்லாமல் போய்விடாது. கடித்த பிறகு வரும் சட்டத்தால் தண்டிக்கத்தான் முடியும். ஆகவே நாய் முதல்முறை துரத்திய அன்றே, ஆத்திரம் அடங்கியதும், பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்த நாளே அதை எழுத்திலும் கொடுங்கள். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஊசி போட்ட பிறகு வக்கீலைத் தேடலாம்.