பன்னிரண்டு ஆசனங்கள் எங்கே?

கணினி கூட்டினால் கணக்குப் பிழைக்காது என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்த நம்பிக்கை ஆட்டங்கண்ட இரவு ஒன்று நினைவிலிருக்கிறது.

2010 ஏப்ரல் 8 பொதுத் தேர்தலில் நாவலப்பிட்டியிலும் கும்புறுப்பிட்டியிலும் 20ஆம் திகதி மீள்வாக்குப்பதிவு நடந்ததால், கண்டி, திருகோணமலை மாவட்டங்களின் முடிவுகள் தாமதமாகின. எங்கள் ஆசிரிய பீடத்தில் 22 தேர்தல் மாவட்டங்களுக்கும் தனித்தனி எக்செல் கோப்புகள். அவற்றிலிருந்து எண்களை இழுக்கும் தொகுப்புக் கோப்பு ஒன்று. மாவட்ட ஆசனங்கள் மொத்தம் 196. கண்டியின் 12, திருகோணமலையின் 4 நீங்கலாக, அதுவரை 180 காட்டிக்கொண்டிருந்தது.

இரு முடிவுகளும் வந்தபின் தொகுப்புக் கோப்பு 184 என்றது.

குறைவது பன்னிரண்டு, ஆகவே கண்டி.

"அண்ணை, கண்டிக் கோப்பிலை எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் உதவிக்கு இருந்த இளைஞர். உண்மைதான். ஆனால் அவர் வேறொரு கணினியில் இருந்தபடி அதைப் புதிய பெயரில் சேமித்திருந்தார். தொகுப்போ பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே வெற்றுக் கட்டங்கள். வெற்றுக் கட்டத்தோடு தொடுத்தால் எக்செல் பூச்சியம் காட்டும், முறைப்பாடு எதுவும் செய்யாது. '#ரெஃப்!' என்று அலறும் பிழை எவ்வளவோ மேல். அது தன் குற்றத்தை மறைப்பதில்லை.

'எடிட் லிங்க்ஸ்' பகுதியில் 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்துப் புதிய கோப்பைக் காட்டினேன். 196 வந்தது. பெருமூச்சு விட்டு அட்டவணையைப் பக்க வடிவமைப்புக்கு அனுப்பினேன்.

வானொலியில் முடிவுகளைக் கேட்டிருந்த ஒப்புநோக்குநர் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கண்டியிலை வெண்ட கட்சிக்குப் பூச்சியம் போட்டிருக்கிறியள்!"

இளைஞர் அழகுக்காகத் தலைப்பின் கீழே ஒரு வெற்று வரி சேர்த்திருந்தார். இரு கோப்புகளும் ஒரே கணினியில் திறந்திருந்தால் சூத்திரம் தானே திருந்தியிருக்கும். மூடிய கோப்பைச் சுட்டும் சூத்திரமோ அதே கட்ட எண்ணைப் பற்றிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு கட்சியின் ஆசனங்களும் அடுத்த கட்சியின் வரிக்கு இறங்கிவிட்டன. கடைசி வரியிலிருந்த கட்சிக்கு ஆசனமே இல்லாததால் கூட்டுத்தொகை மட்டும் அப்பழுக்கின்றி 196! நான் அதைத்தானே சரிபார்த்தேன்.

அச்சுக்குப் போயிருந்தால், மறுநாள் காலை தொலைபேசிக்கு அருகே போயிருக்கமாட்டேன்.

பின்னர் கட்ட எண்ணை விட்டுக் கட்சிப் பெயரைக் கொண்டு தேடும் முறைக்கு மாறினோம். முதலில் 'சம்இஃப்' போட்டுப் பார்த்தோம். மாவட்டக் கோப்பு மூடியிருந்தால் அது '#வேல்யூ!' என்று முரண்டு பிடித்தது. 'வீலுக்அப்' மூடிய கோப்பிலிருந்தும் எடுத்துத் தந்தது. பெயரை இரு கோப்புகளிலும் ஒரே எழுத்தில் எழுதவேண்டும், அவ்வளவுதான். ஓர் இடைவெளி கூடினாலும் 'என்.ஏ.' என்று கைவிரித்துவிடும்.

2015 ஆகஸ்ட் தேர்தல் இரவில் சூத்திரங்களை அந்தத் தம்பியே எழுதினார். ஒப்புநோக்குநரை நான் வானொலிப் பெட்டியுடன் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன்.