கையுறை யாருக்காக?

மருத்துவமனைக் கையுறை என்றதும், நோயாளியைக் கிருமியிலிருந்து காக்கும் பொருள் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுவோம். ஆனால் அது முதன்முதலில் செய்யப்பட்டது நோயாளிக்காக அன்று. ஓர் ஊழியரின் கைகளுக்காக.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை தொடங்கப்பெற்ற ஆண்டு 1889. அறுவைக்கு முன் கைகளை மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் நனைத்துத் தூய்மை செய்வது அந்நாளைய வழக்கம். நம் சித்த மருத்துவ நூல்கள் 'வீரம்' எனக் குறிக்கும் பாதரச நஞ்சுதான் அது. அறுவை அரங்கின் தலைமைச் செவிலி கரோலின் ஹாம்ப்டனின் கைகள் அதனால் புண்பட்டன. அதுகண்ட அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரைக் கொண்டு மெல்லிய கையுறைகள் செய்வித்தார். 1890இல் அவ்விருவரும் மணம் புரிந்தனர். கையுறையால் நோயாளிக்கும் தொற்று குறைகிறது என ஜோசப் பிளட்குட் என்பார் சான்றுகளுடன் எழுதியது 1899இல்தான்.

இவ்வரலாற்றைப் படித்த சில வாரங்களில், உறவினர் ஒருவருக்குத் துணையாக மருத்துவமனை ஒன்றில் நான்கு நாள் தங்க நேர்ந்தது. செவிலியர் மேசையில் கையுறைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கழிவறையைத் தூய்மை செய்ய வந்த அம்மையாரின் வலக்கையில் மட்டும் ஓர் உறை. மற்றொன்று எங்கே என வினவினோம்.

"அது கிழிஞ்சு போச்சு சார். புதுசு அடுத்த மாசந்தான் தருவாங்க" என்றார்.

பிளீச்சிங் கரைசலைத் தெளித்தவர், அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்ற முற்பட்டார். விரைந்து தடுத்தோம். இவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். 1915இல் ஈப்ர் போர்க்களத்தில் படைவீரர்மீது ஏவப்பட்ட அதே வாயு. "சேர்த்து ஊத்துனா நல்லா வெளுக்கும்னு சொன்னாங்க. நெஞ்சு எரியும், இருமல் வரும். பழகிடுச்சு" என்றார் அவர். புட்டியை வாங்கிப் பார்த்தோம். வேறெதனுடனும் கலக்கலாகாது என்னும் எச்சரிக்கை, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. அதனைத் தமிழில் சொன்னோம். சன்னலையும் திறந்து வைத்தோம்.

மருத்துவமனையில் நஞ்சு இஃதொன்று மட்டுமன்று. உள்நோக்கிக் கருவிகளை ஊறவைக்கும் குளூட்டரால்டிஹைடின் ஆவி, கண்ணை உறுத்துவதோடு ஆஸ்துமாவையும் வருவிக்கக்கூடும். கருவிகளின் கிருமி நீக்கும் எத்திலீன் ஆக்சைடு, உடற்கூறுகளைப் பதப்படுத்தும் பார்மலினில் உள்ள பார்மால்டிஹைடு ஆகிய இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முறையே 1994இலும் 2004இலும் வகைப்படுத்தியது. புற்றுநோய்க்குத் தரும் மருந்துகள் சிலவும் அவற்றைக் கலக்கும் செவிலியர்க்குத் தீங்கு செய்வனவே. ஆவியாகிப் பரவும் நஞ்சுக்குக் கையுறை மட்டும் போதாது. காற்றோட்டம் வேண்டும், மூடிய கலன்கள் வேண்டும், கையாள்வோர்க்குப் புரியும் மொழியில் பயிற்சியும் வேண்டும்.

தமிழ் கற்பிக்கும் நம்மை அந்தப் புட்டியின் எழுத்துகளே மிகவும் வருத்தின. உயிர் காக்கும் ஒரு வரியை, அதனைப் படிக்க வேண்டியவர் அறியாத மொழியில் அச்சிட்டுவிட்டுக் கடமை முடிந்ததெனக் கருதுவது என்ன முறை? தலைமைச் செவிலியின் கைப்புண்ணை ஒரு மருத்துவர் கண்டதனால் பிறந்தது கையுறை. துடைப்பம் ஏந்தும் கையையும் அவ்வாறே காண்பதற்கு இன்னும் எத்தனை காலம் ஆகுமோ?