மேட்டில் மிஞ்சிய பொன்

ராபர்ட்சன்பேட்டையின் எம்.ஜி. மார்க்கெட் சந்தடியைத் தாண்டிச் சுரங்கப் பகுதிக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுபவை வெளிறிய மண்மேடுகள். ஊர் வழக்கில் 'சயனைட் மேடு'. பாறையைப் பொடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு இது. மேட்டுக்கு இப்பால் புதர் மண்டிய துரைமார் பங்களாக்கள், துருவேறிய இரும்புக் கோபுரங்கள். காலுக்கடியில் ஏதாவது கிடைக்காதா என்று இங்கே யாருக்கும் தோன்றும்.

தோன்றியதால்தான் ஊரே பிறந்தது. 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், தங்கம் இருக்கும் இடத்தைக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டியில் மண்ணை ஏற்றி வந்து, அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. போட்ட பணமெல்லாம் கரைந்துகொண்டிருந்தபோது, பெயர் தெரியாத முன்னோர் தோண்டிக் கைவிட்ட பழைய குழிகளைத் தொடர்ந்து இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சிக்கியது.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மைசூர் ரெசிடென்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரில் பேட்டை எழுந்தது. வடஆற்காட்டிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டினார்கள். சுமார் 120 ஆண்டுகளில் வெளியேறிய தங்கம் ஏறக்குறைய 800 டன். வெட்டியவன் மீது சந்தேகமும் கூடவே வளர்ந்தது. கைரேகை பதிய வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து 1930-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது.

வெளிநாடுகளில் பாழடைந்த பண்ணை வீடுகளைச் சுற்றி மெட்டல் டிடெக்டரோடு அலைவது ஒரு பொழுதுபோக்கு. நாணயம், பொத்தான், குதிரை லாடம் கிடைத்தால் கொண்டாட்டம். தங்கவயலில் அந்தக் கருவி ஓயாமல் கத்தும், பயன் இராது. ஒரு நூற்றாண்டின் ஆணியும் கம்பியும் தண்டவாளத் துண்டும் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. தங்கமோ மேட்டில் தூசியினும் நுண்ணியதாக இருக்கிறது. ஒரு டன் மண்ணுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. அதைக் கருவி உணராது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. நிலம் அரசு நிறுவனத்துடையது. பூமியில் மறைந்த புதையல் கிடைத்தால் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு கடந்த பொருள், 1972-ன் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடலாம். ஆகவே இங்கே தேடுவது பொழுதுபோக்கு அல்ல. இருட்டில் நடக்கும் பிழைப்பு. பழைய இரும்புக்கு எடைக்கு எடை காசு. இன்னும் துணிந்தவர்கள் சுரங்கத்துக்குள்ளேயே இறங்குகிறார்கள். 2020 மே மாதம் மாரிகுப்பத்தில் அப்படி இறங்கிய மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். காற்றோட்டம் நின்றுபோன சுரங்கத்தில் விஷ வாயுவுக்கு வாசனை இருக்க வேண்டும் என்பதில்லை.

மேட்டின் மதிப்பு அரசுக்கும் தெரியும். 13 மேடுகளில் குவிந்திருக்கும் சுமார் 3.3 கோடி டன் கழிவிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒரு டன்னில் கிராமுக்கும் குறைவுதான். ஆனால் கோடிக்கணக்கான டன் என்றால் கணக்கு வேறு. இயந்திரம் வைத்து மேட்டையே அள்ளினால் அதற்குப் பெயர் திட்டம். தாத்தா தோண்டிய குழியோரத்தில் பேரன் ஒரு இரும்புத் துண்டைப் பொறுக்கினால் அதற்குப் பெயர் திருட்டு. மேட்டைக் கரைக்கும் நாளில், லைன் வீடுகளில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்களின் பங்கு என்ன என்ற கேள்வி இந்த ஊரில் நிச்சயம் எழும்.

பதில் வரும்வரை ஊர் காத்திருக்கவில்லை. விடிவதற்குள் மாரிகுப்பம் ரயிலில் கூட்டம் ஏறிவிடுகிறது, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூரில் கூலி தேட. கோடையில் காற்றடித்தால் மேட்டின் தூசி பறந்து வந்து, அவர்கள் பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குள்ளும் படிகிறது.