கோஷியெனில் ஒரு தனி ஆள்

"தனியாவா? அதுவும் பேஸ்போல் பாக்கவா?" வீட்டில எல்லாரும் கேட்டது இதைத்தான்.

1985இல் முதன்முதலாக ஜப்பான் சீரிஸை வென்ற ஹன்ஷின் டைகர்ஸ், அடுத்ததை வென்றது 2023இல். அந்த 38 வருசமும் விட்டுப்போகாத ரசிகர்களுக்கு நடுவில ஒருநாளாவது இருக்கோணும் எண்டு எனக்கு ஆசை.

ஒசாக்காவின் உமெதாவில் ரயிலேறினால் கால் மணித்தியாலத்தில் கோஷியென். 1924இல் திறந்த மைதானம். எங்கட கிரிக்கெட்டில் பப்பரே ஓயாது. இங்க தங்கட அணி துடுப்பெடுத்தாடும்போது மட்டும்தான் பாட்டு. மற்ற அணியின் முறை வந்தா, பாடுறது அவங்கட ஆக்கள்.

பக்கத்தில இருந்த அம்மா ஒரு சோடி பிளாஸ்டிக் மெகபோனை என்னட்ட நீட்டி, எப்ப தட்டுறது எண்டு கையால காட்டினா. அண்டைக்கு டைகர்ஸ் தோத்துப்போச்சு. ஆனா, தனியா வந்தனான் எண்டது திரும்பி ரயிலேறேக்கதான் ஞாபகம் வந்தது.