முப்பது நாள் கெடு

ஜூன் 2, 2025, திங்கள். அரூர்

சிங்கப்பூர் நிரந்தரவாசத்துக்கு (பி.ஆர்.) விண்ணப்பிக்கப் போகிறோம் என்று இன்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டோம். போனில் சொல்கிற சேதியில்லை என்று நேரில் வரும்வரை வைத்திருந்தோம். அப்பா நடவுக்கு விதை மஞ்சள் பிரித்துக்கொண்டிருந்தார். அழுகலைத் தள்ளிவிட்டு, கையில் அழுத்திப் பார்த்துத் திடமான கிழங்காகக் கூடையில் போட்டபடியே கேட்டார்: "அப்போ பாஸ்போர்ட்டு மாறிடுமா பாப்பா?"

மாறாது என்றேன். நிரந்தரவாசம் வேறு, குடியுரிமை வேறு. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக விரும்பி வாங்கினால்தான், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போகும். அங்கே நிரந்தரவாசியாக இருக்கும்வரை கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான்.

அவர் மனதில் கிடந்த கேள்வி வேறு என்பது ராத்திரி சாப்பிடும்போது தெரிந்தது. "நம்ம நிலம்?"

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பெற்றவர்கள் வழியில் வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. வேலைக்கென்று அங்கே குடியேறியதிலிருந்தே எங்களுக்கு இந்த விதி இருக்கிறது. நிரந்தரவாசத்தால் அதில் எந்த மாற்றமும் வராது. பக்கத்துக் காட்டை என் பேரில் கிரயம் பண்ணலாம் என்று அப்பா நினைத்திருக்கிறார். தம்பி பேரில்தான் முடியும் என்றேன். "இதை இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு" என்றார்.

ஜூன் 4, புதன்

காகித நாள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ்கள், வேலை செய்த இடங்களின் கடிதங்கள், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, நிறுவனம் நிரப்பித் தரவேண்டிய படிவம். இருவரும் வேலை பார்ப்பதால் வேலை, படிப்புச் சான்றுகள் இருவருக்குமே வேண்டும். தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் நோட்டரி முத்திரையும் தேவை.

கணவர் 1988இல் ஊத்தங்கரையில் பிறந்தவர். பிறப்புச் சான்றில் தர்மபுரி மாவட்டம் என்றிருக்கிறது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஊத்தங்கரை அங்கே போய்விட்டது. அதனால் பின்னால் வாங்கிய சான்றுகளில் எல்லாம் கிருஷ்ணகிரி மாவட்டம். இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா தன் பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். 1965இல்தான் தர்மபுரி மாவட்டம் உருவானது. அவர் அதற்கு முன்பே பிறந்தவர் என்பதால் அதில் சேலம் மாவட்டம். "நான் இதே வூட்லதான் இருக்கேன். மாவட்டம்தான் மாறிப்போச்சு" என்றார்.

எங்கள் கல்யாணம் தீர்த்தமலையில் நடந்தது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இல் வந்து பதிவு கட்டாயமாகிவிட்டதால், அப்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தோம். அந்தச் சான்றில் என் பெயருக்கு முன் இனிஷியல் மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருக்கிறது. நோட்டரி வக்கீல் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முத்திரை வைத்தார். ஊரிலிருந்து வெளிநாடு போகும் பிள்ளைகள் இனிஷியலின் விரிவைப் பள்ளிச் சான்றிதழிலிருந்தே ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எத்தனையோ அலைச்சல் மிச்சமாகும்.

ஜூன் 6, வெள்ளி

அத்தை ஊத்தங்கரையிலிருந்து ஒரு கூடை செந்தூரா மாம்பழத்தோடு வந்தார். "ரெண்டு பேரும் கைநிறைய சம்பாதிக்கிறீங்க. அப்புறம் எதுக்கு பி.ஆர்.?" என்று கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். விரித்தே சொன்னேன்.

நான் நர்ஸ்; எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறேன். கணவர் கட்டுமான இன்ஜினீயர், எம்ப்ளாய்மென்ட் பாஸ். எங்கள் பையன் அங்கே இருப்பது அப்பாவின் பாஸைச் சார்ந்த பாஸில். பிள்ளையை அப்படி வைத்துக்கொள்ள, பெற்றவரில் ஒருவருக்காவது மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையான சம்பளம் வேண்டும். என் சம்பளம் அந்த அளவுக்கு இல்லை. நாளைக்கு அவர் கம்பெனி ஆள்குறைப்பு செய்தால் அவர் பாஸ் ரத்தாகும். கூடவே பையனுடையதும் ரத்தாகும். வழக்கமாகக் கிடைக்கும் அவகாசம் 30 நாள். அதற்குள் வேறு வேலையும் புதுப் பாஸும் அமையாவிட்டால் அப்பாவும் பிள்ளையும் கிளம்ப வேண்டும். நான் மட்டும் வார்டில் டியூட்டி பார்த்துக்கொண்டு இருக்கலாம். ரெண்டு சம்பளம் வரும் வீடுதான், ஆனாலும் பிள்ளை எங்கே இருப்பான் என்பது ஒரே வேலையில் தொங்குகிறது.

நிரந்தரவாசம் கிடைத்தால் இந்தக் கெடு போய்விடும். வேலை மாறலாம், கொஞ்ச காலம் வேலையில்லாமலும் இருந்து தேடலாம். மத்திய சேமநிதியில் எங்கள் பேரில் பணம் சேரும்: முதல் ஆண்டு சம்பளத்தில் நம் பங்கு 5 விழுக்காடு, முதலாளி பங்கு 4, மூன்றாம் ஆண்டிலிருந்து நம்முடையது 20, அவர்களுடையது 17. இருவரும் நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டு முடிந்தால் மறுவிற்பனைக்கு வரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை வாங்கலாம். இத்தனை இருந்தாலும் நான் கேட்பது அந்த 30 நாள் பயம் நீங்கவேண்டும் என்பதைத்தான்.

"சரி, அவன் பேர்லதானே போடறீங்க?" என்றார் அத்தை. இல்லை, நான்தான் முதன்மை விண்ணப்பதாரர். அவரும் பையனும் என்னோடு சேர்கிறார்கள். கணவன் மனைவி இருவரில் யாரும் முதன்மையாக இருக்கலாம். அங்கே என் பணிக்காலம் அவருடையதைவிட நீண்டது. கணவரே இதைச் சொன்னதும் அத்தை மறுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்குப் பேசியதுதான் கனமான பேச்சு. பெற்றோரோடு சேர்ந்து நிரந்தரவாசியாகும் ஆண்பிள்ளை தேசிய சேவை என்ற கட்டாயப் படைச்சேவை செய்தாக வேண்டும். பதினாறரை வயதில் பதிவு, 18க்குப் பிறகு முழுநேரமாக இரண்டு ஆண்டு, அதற்குப் பின்னும் பல ஆண்டுகளுக்குப் படைமுகாம் அழைப்பு. வேலைத் தகுதியால் நிரந்தரவாசியாகும் முதன்மை விண்ணப்பதாரருக்கு விலக்கு உண்டு, பையனுக்குக் கிடையாது. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது பாதகமாகும்.

பையன் பேரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போடுங்கள் என்றார் அம்மா. அப்படிச் செய்யும் வீடுகள் உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்காக நாம் முடிவெடுக்கலாமா என்று நாங்களும் மாதக்கணக்கில் பேசியிருக்கிறோம். அவனுக்கு நினைவு தெரிந்தது அந்த ஊரில். தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிப்பதும் அங்கேதான். பெற்றவர்கள் நிலைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் தற்காலிகப் பாஸில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஓர் ஊரின் பாதுகாப்பில் வாழ்கிறவர்கள் அதன் காவலிலும் பங்கெடுக்க வேண்டும். பையன் பேரைச் சேர்க்கிறோம். இந்தக் கடமையை அவனுக்கு இப்போதிருந்தே சொல்லி வளர்ப்போம்.

அப்பா எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்களையும் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?" என்றார். பெற்றோருக்கு நிரந்தரவாசம் கேட்கச் சிங்கப்பூர்க் குடிமக்களால்தான் முடியும், நிரந்தரவாசிகளால் முடியாது. நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், கிடைப்பது உறுதியில்லை. இதையும் மறைக்காமல் சொன்னேன். யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் வருவது, அந்த விடுப்பை எப்படி எடுப்பது என்று தம்பியையும் உட்காரவைத்து இன்றே பேசி முடித்தோம்.

ஜூன் 10, செவ்வாய்

கோட்டப்பட்டி பக்கமிருந்து ஒரு பையன் பார்க்க வந்தான். வெல்டிங் படித்தவன், வொர்க் பர்மிட்டில் கப்பல் பட்டறை வேலைக்குப் போகிறான். "அக்கா, நானும் கொஞ்ச வருசம் கழிச்சு இதுக்குப் போடலாமா?" என்றான். வொர்க் பர்மிட்டில் இருப்பவர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது, மனைவி பிள்ளையைக் கூட்டிப்போகவும் முடியாது. அதைத் தெளிவாகச் சொல்லி, அங்கே போன பிறகு மேற்படிப்பு படித்து எஸ் பாஸுக்கு உயர வழி தேடச் சொன்னேன். ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்பாமல் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பார்க்கவும் கற்றுக்கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு. சிங்கப்பூர்

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. ஆளுக்கு 100 வெள்ளி கட்டணம், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. பொதுவாக ஆறு மாதத்துக்குள் முடிவு தெரியும். குடும்பப் பிணைப்பு, வருமானம், படிப்பு, வயது, இங்கே வாழ்ந்த காலம், ஊரோடு ஒன்றிய விதம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். மறுத்தால் காரணம் சொல்வதில்லை. 2024இல் ஏறத்தாழ 35,000 பேருக்குக் கிடைத்தது.

கிடைக்காவிட்டால் மறுபடி விண்ணப்பிப்போம். இதுபோல் இருவரும் வேலை பார்த்துக்கொண்டு வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்த் தம்பதிகளுக்கு நான் சொல்வது இதுதான்: படிவத்தைத் திறப்பதற்கு முன் நிலம், பெற்றோர், பிள்ளையின் கடமை, யார் பேரில் விண்ணப்பம் என்ற நான்கையும் ஊரில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். நிரந்தரவாசம் கிடைத்த பிறகு பேசினால் சொந்தக்காரர்கள் அதை முடிந்துபோன சேதியாகத்தான் கேட்பார்கள். முன்னாலேயே கேட்டால் அப்பா அம்மாவுக்கும் அந்த முடிவில் பங்கு இருக்கும்.