ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் ஒரு மாலை

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குச் செல்லும் பாதை, நகரைக் கடந்த சிறிது நேரத்திலேயே தன் குணத்தைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. ஒரு புறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளம், எதிரே 6,600 அடிக்கு மேல் உயர்ந்து, முகிலுக்குள் முகம் மறைத்து நிற்கும் நமுனுகுல மலை. 1924ஆம் ஆண்டில் பதுளைக்கு வந்த புகையிரதம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கப்பால் தோட்டங்களுக்குப் போவோர் மோட்டாரையோ கால்களையோதான் நம்ப வேண்டும்.

நாங்கள் நம்பியது ஒரு பழைய மொரிஸ் மைனர் காரை. மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். மணமகளின் கூறைச் சேலையும் தாலியும் பின்னாசனத்தில் அத்தையின் மடியில் இருந்தன. பொழுது சாய்வதைக் கண்ட நான், கியரைக் குறைக்காமல் விரைந்து செல்லுமாறு சாரதியை ஓயாமல் தூண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. அந்தக் காரில் வெப்பங் காட்டும் முள் கிடையாது, மூக்குதான் வெப்பமானி. மறுகணம் முன்மூடியின் இடுக்குகளிலிருந்து நீராவி சீறிக்கொண்டு கிளம்பிற்று.

பாதையோரப் பீலியில் நீர் விழுந்துகொண்டிருந்தது. நான் வாளியுடன் ஓடினேன்.

"தொடாதீங்க தம்பி! இப்ப மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்து போகும். பச்சைத் தண்ணியை ஊத்தினா இரும்பு வெடிச்சுப் போகும்" என்று சாரதி அதட்டினார்.

"எம்புட்டு நேரம் அண்ணே?" என்று அத்தை கவலையுடன் கேட்டார்.

"அது ஆறுற வரைக்கும் அம்மா."

அவர் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. பதுளையின் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 98 பாகையிலேயே கொதித்துவிடும். 4,000 அடியில் 96 பாகை போதும். ரேடியேட்டர் மூடியின் வில்தான் அழுத்தத்தை அடக்கி வைத்து, கொதிநிலையை உயர்த்துகிறது. சூட்டோடு திறந்தால் அடங்கியிருந்த கொதிநீரும் ஆவியும் ஒரே மூச்சில் சீறிப் பாயும். எஞ்சின் தலை வெடித்தாலோ, மாற்றுத் தலைக்குப் பழைய கார்களை உடைத்து விற்கும் கடைகளில்தான் அலைய வேண்டும். அந்தக் கார்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு.

முக்கால் மணி நேரம் சென்றபின் அவர் பரிசோதனையைத் தொடங்கினார். விசிறிப் பட்டியைப் பெருவிரலால் அழுத்தினார். அரை அங்குலந்தான் தாழ்ந்தது, தளர்ச்சியில்லை. எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். பால் கலந்தாற்போல் வெளுக்கவில்லை. ஈரத்துணியைப் போட்டு மூடியைச் சிறிது சிறிதாகத் திருகித் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, மெல்ல மெல்ல நீர் வார்த்தார். குமிழிகள் எழவில்லை, ஆகவே தலையடிக் கேஸ்கட்டும் பழுதில்லை. பின்னர் எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே நகர்த்தினார். மேற்பகுதி சுட்டது. கீழே சில இடங்கள் குளிர்ந்தே கிடந்தன.

"யாழ்ப்பாணத்துத் தண்ணி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அந்தக் கார் பல்லாண்டு யாழ்ப்பாணத்தில் ஓடியதாம். அங்கே நிலத்தடி முழுவதும் சுண்ணக்கல்; கிணறுகளில் வன்னீர். அடுப்புக் கேத்தலின் உட்புறம் வெள்ளையாய்ப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்திருக்கிறது. சமதரையில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று நிறைய வீசும், எஞ்சினுக்கும் பளு குறைவு. குறை தெரியாமல் காலம் ஓடிவிடும். ஏற்றத்திலோ பளு மிகுதி, வேகம் குறைவு, காற்றும் குறைவு.

என் பங்கும் அதில் இருந்தது. தாழ்ந்த கியரில் சென்றால் எஞ்சின் வீணாய்ச் சூடேறும் என்று எண்ணியிருந்தேன். விசிறியும் நீர்ப் பம்பும் எஞ்சினோடு இணைந்தே சுழல்பவை. உயர்ந்த கியரில் எஞ்சின் திணறி மெதுவாய்ச் சுழன்றால் அவையும் மெதுவாகும். இரண்டாம் கியரில்தான் காற்றும் நீரும் தாராளமாய்ப் பாயும்.

எஞ்சிய பாதையைச் சாரதி இரண்டாம் கியரிலேயே ஏறினார். செங்குத்தான இரு வளைவுகளில் நானும் அத்தையும் இறங்கி நடந்தோம். கூறைப் பெட்டியை அவர் என்னிடம் தரவேயில்லை. லயங்களில் விளக்கேற்றும் நேரத்தில் கல்யாண வீட்டை அடைந்தோம்.

திருமணம் முடிந்த மறுவாரம் ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயால் நீரைச் செலுத்தி எதிர்த்திசையில் கழுவினார்களாம். வெள்ளைச் சேறு வெகுநேரம் வந்ததாம். இப்போது அதில் துருவைத் தடுக்கும் குளிர்ப்புத் திரவம் ஊற்றப்பட்டிருக்கிறது. ஆயினும் பின்பெட்டியில் ஒரு கேன் பீலித் தண்ணீர் எப்போதும் இருக்கிறது.